ஜூபிட்டர்ஹப் லிங்க்கைப் பகிர்வதற்கு முன் மாற்ற வேண்டிய 3 அமைப்புகள்

கிள்ளானில் நண்பர்களோடு சேர்ந்து பைத்தான் படிக்கிறீங்களா? ஒவ்வொரு மடிக்கணினியிலும் தனித்தனியாக நிறுவத் தேவையில்லை. ஜூபிட்டர்ஹப்பைக் கிளவுடில், குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் ஓடவிட்டால், பிரவுசரில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனி நோட்புக் கிடைக்கும். அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவிலேயே கிளவுட் மையங்களைத் திறந்துவிட்டன.

ஆனால், ஹெல்ம் மூலம் நிறுவியதும் கிடைப்பது சோதனைக்கான அமைப்பு. அப்படியே விட்டால் பில் எகிறலாம்.

1. லாகின்: ஆரம்பத்தில் இருப்பது 'டம்மி' லாகின். எந்தப் பெயர், எந்தப் பாஸ்வேர்ட் போட்டாலும் திறக்கும். முன்பின் தெரியாதவர்கூட உங்க செலவில் கிரிப்டோ மைனிங் செய்யலாம். கூகுள் அல்லது கிட்ஹப் லாகினுக்கு மாறி, அனுமதிப் பட்டியல் கொடுங்க.

2. மெமரி: ஒருவருக்கு 1 ஜிபி உறுதி, உச்சவரம்போ கிடையாது. ஒருவர் பெரிய ஃபைலைத் திறந்தால் மற்றவர்களின் வேலையும் நின்றுபோகலாம். 2 ஜிபி என வரம்பு வைத்தால், மீறுபவரின் வேலை மட்டுமே நிற்கும்.

3. சும்மா ஓடும் நேரம்: பிரவுசரை மூடினாலும் நோட்புக் ஓடிக்கொண்டே இருக்கும். 1 மணி நேரம் சும்மா இருந்த பிறகே அது தானாக நிற்கும். இதை 1,800 விநாடியாக, அதாவது அரை மணி நேரமாகக் குறைக்கலாம். ஃபைல்கள் தனி டிஸ்க்கில் இருப்பதால் அழியாது. ஆனால், ஆட்டோஸ்கேலிங் இருந்தால்தான் காலியான சர்வர் அணைந்து செலவு குறையும்.

படிப்பு முடிந்ததும் ஃபைல்களை டவுன்லோட் செய்துவிட்டு, கிளஸ்டரையும் டிஸ்க்குகளையும் நீக்கிடுங்க. இல்லைன்னா, யாருமே நுழையாத சர்வருக்கும் மாதாமாதம் ரிங்கிட் போய்க்கொண்டே இருக்கும்.