ஆச்சியின் சாமான் நோட்டு

கைமாறும் பொருள்கள் – 7

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. அங்கே ஒரு பித்தளைத் தூக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே உளியால் பெயர் வெட்டியிருந்தது: மூன்று தலையெழுத்துகள், ஒரு பெண்ணின் பெயர். பக்கத்திலிருந்த அண்டாவிலும் அதே பெயர். மேல் தட்டில் இருந்த குடத்திலும் அதுவே. ஒரே கல்யாணத்துச் சாமான். கடைக்காரர் தூக்கைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார்.

செட்டிநாட்டு வீடுகளின் பழைய பொருள்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பர்மாத் தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் பேசுகிறோம். அவை வீட்டின் சொத்து. ஆண்கள் கடல் கடந்து சம்பாதித்தது. தூக்கும் அண்டாவும் அப்படியல்ல. தாய்வீடு பெண்ணுக்குக் கொடுத்த சீர் அது. கல்யாணத்தில் அதைப் பரப்பி வைப்பார்கள், பட்டியல் எழுதுவார்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்த அறைக்குள் அவன் மனைவியின் சாமான் இருக்கும். சாவி அவளிடம்.

பர்மாப் பணம் போன கதை தெரிந்ததுதான். 1930களில் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம் ஆயிற்று. பணமாக வரவேண்டியது நிலமாக வந்து நின்றுவிட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் நகரைப் பிடித்தார்கள். 1948இல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. கப்பலிலும் காட்டுவழி நடந்தும் திரும்பியவர்களுக்கு ஊரில் ஆயிரம் ஜன்னல் வைத்த வீடு இருந்தது, மாதச் செலவுக்குப் பணம் இல்லை.

அதன்பிறகு அந்த அடுப்படிகளில் பலவற்றை எரியவைத்தது அந்த வீட்டுப் பெண்களான ஆச்சிகளின் சாமான்தான் என்று நான் நம்புகிறேன். செட்டிநாட்டு வணிக வரலாற்றைப் பேசும்போது லேவாதேவிக் கணக்கைச் சொல்கிறோம். இந்தக் கணக்கையும் அதோடு சேர்க்க வேண்டும்.

1998இல் கண்டனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சிக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. 1939இல் கல்யாணம். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் வேலைக்கு வரும் ஒரு பெண்ணும் மட்டும். எதைப் பற்றியோ கேட்கப் போய், பேச்சு பாத்திரத்துக்கு வந்தது. எழுந்து போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். கல்யாணத்தில் எழுதிய சாமான் பட்டியலை அவரே பிற்பாடு அதில் பெயர்த்து எழுதியிருந்தார். பித்தளை அண்டா 4. குடம் 12. தூக்கு 24. வெண்கலப் பானை 6. மரவை என்ற மரப்பாத்திரம் 8. மங்குக் கிண்ணம் 6 டஜன். பவானி ஜமக்காளம் 5.

விற்றவற்றின் பக்கத்தில் பென்சில் எழுத்து; முழுதும் போன வரிமேல் ஒரு கோடு. விற்ற தேதி, வந்த தொகை, போன செலவு. மகனின் பரீட்சைக் கட்டணம். ஓடு மாற்றியது. நாத்தனார் மகள் கல்யாண மொய். கண் ஆபரேஷன். ஐந்தொகைக் கணக்குப் பார்த்த குடும்பத்துக் கை. கூட்டல் எங்கும் பிசகவில்லை. எந்தத் தேதியும் செவ்வாய், வெள்ளி இல்லை என்று அவரே சொன்னார். விளக்கு வைத்தபின் வாசல்படி தாண்டி ஒரு பொருளும் போனதில்லையாம்.

வாசல்படி என்று சொன்னாலும் சாமான் போனது பின்கட்டு வழியாகத்தான். அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலில் உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வாசலில் வியாபாரியின் மாட்டுவண்டி நின்றதுண்டு என்றார். முதலில் போனது பித்தளை. எவர்சில்வர் வந்த காலம் அது. இரண்டு குடத்தைப் போட்டு ஒரு எவர்சில்வர் குடம் எடுத்ததாகக்கூட நோட்டில் இருந்தது. அன்றைக்கு அதை யாரும் நஷ்டம் என்று நினைக்கவில்லை. புளிபோட்டுத் தேய்க்கும் வேலை மிச்சமாயிற்றே.

மங்குச் சாமானை அப்போது எடைக்குக்கூட எடுக்க ஆளில்லை. ஸ்வீடனிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் ஜப்பானிலும் செய்து கப்பலில் வந்த எனாமல் அது. கொஞ்சம் பெயர்ந்தாலே ஓரமாக வைத்துவிடுவார்கள். பிறகு ஓட்டல்காரர்களும் சேகரிப்பவர்களும் தேடி வந்தார்கள். நீலக் கரை போட்ட கிண்ணத்துக்கு ஒரு விலை, பச்சைக்கு இன்னொரு விலை. ஆச்சி இரண்டு டஜனைத்தான் கொடுத்திருந்தார்.

எனக்கு உறுத்தியது எடைதான். ஐம்பது வருஷம் புழங்கிய, பெயர் வெட்டிய அண்டாவைப் பழைய பித்தளை விலைக்கு எடுப்பார்கள். அதே அண்டா கடையில் ஏறியதும் அந்தப் பெயருக்கே தனி விலை. பெயர் இருந்தால்தான் அசல் என்று செட்டியார் அல்லாதவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவளுக்கு அதில் ஒரு காசும் போனதில்லை. 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று 1972இல் சட்டம் வந்தது. விற்கிற கைக்கு நியாய விலை கிடைக்க எந்த ஏற்பாடும் வரவில்லை.

புறப்படும்போது, கோடு விழாத வரிகள் எத்தனை என்று கேட்டேன். எண்ணிச் சொன்னார். ஏழு. போன வாரம் வந்த வியாபாரி பாத்திரம் எதையும் கேட்கவில்லையாம். அறைக் கதவைக் கேட்டானாம். நிலையில் கஜலட்சுமி செதுக்கிய கதவு. நோட்டில் உள்ள அத்தனைக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகமாகத் தருவதாகச் சொன்னானாம்.

“என்ன சொன்னீங்க ஆச்சி?”

“அது என் நோட்டுல இல்லையே தம்பி. கதவு பங்காளிக எல்லாருக்கும் பொது. நான் எப்படிக் குடுக்கிறது?”

நோட்டை மூடி நாடாவால் கட்டினார். புதன்கிழமை அவன் திரும்ப வருவான், இரண்டு மங்குக் கிண்ணம் கொடுத்தனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனார்.