ஆழ்கடலினின்று மேலெழுதல்



வன்னி என்றதும் காடும் குளமும் நெல்வயலுமே பலருடைய நெஞ்சில் எழும். ஆயினும் இந்நிலத்துக்கு இருபுறமும் கடல் உண்டு. கிழக்கே முல்லைத்தீவுக் கரை வங்கக் கடலை நோக்கி நிற்கின்றது. மேற்கே நாச்சிக்குடாவுக்கு அப்பால் இரணைதீவு கிடக்கின்றது. 1992ஆம் ஆண்டில் அத்தீவைவிட்டு இடம்பெயர்ந்த மக்கள், 2018 ஏப்ரலிற் படகேறித் தம் ஊருக்கு மீண்டனர். அவர்கள் தம் கடலிற் தேடும் பொருள்களுள் ஒன்று கடல் அட்டை. ஆழமற்ற நீரில் அதனைக் கையாற் பொறுக்கலாம், பெண்களும் பொறுக்குவர். உலர்த்திய அட்டைக்குச் சீன தேசத்து உணவில் உள்ள மதிப்போ பெரிது. ஆதலாற் கரையோரத்தில் அட்டை அருக அருக, மனிதன் ஆழத்தை நாடுகின்றான். முதுகிற் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகின்றான். அவ்வாறு இறங்கும் சுழியோடி எங்ஙனம் மேலே வருதல் வேண்டும் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நீருள் மூழ்கிப் பொருள் தேடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டிற் பெரிய முத்துக்குளிப்பு நடந்த மரிச்சுக்கட்டி, வன்னிக்குத் தென்மேற்கே மன்னார்க் கரையில் உள்ள இடமே. முத்துக்குளிப்போன் ஒரு கல்லிற் கால் ஊன்றிக் கயிற்றோடு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவான். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவன் அவனை இழுத்தெடுப்பான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்று சொல்வார்கள். தன் உடன்பிறந்தாளின் தாலியே அக்கயிற்றில் தொங்குவதால் அவன் கைநழுவ விடமாட்டான் என்பது கருத்துப்போலும்! அம்முன்னோர் தம்மோடு கொண்டு சென்றது மேலே இழுத்த ஒரேயொரு மூச்சு. சுறாவுக்கும் மூச்சுமுட்டலுக்கும் அவர்கள் அஞ்ச வேண்டியிருந்தது. ஆயின் நாம் இங்கு ஆராயப்போகும் நோய் அவர்களை மிக அரிதாகவே தீண்டியது.

1943ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்தில் கூஸ்தோ என்பவரும் காஞான் என்பவரும் இக்கருவியை உருவாக்கினர். 1956ஆம் ஆண்டில், எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இத்தகைய கருவி பூண்டு திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில் இறங்கினர். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள் நீருட் கிடக்கக் கண்டனர். நெடுநேரம் நீருள் நிற்க முடிந்தமையாற் கிட்டிய பேறு அது.

நெடுநேரம் நிற்பதில்தான் சிக்கலும் தொடங்குகின்றது. (கலைப் பட்டதாரி ஒருவன் பௌதிகம் பேசுவதை அறிவியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 30 மீற்றரில் அது மேற்பரப்பில் உள்ளதைப் போல் 4 மடங்கு. கருவியும் அதே அமுக்கத்திற் காற்றை ஊட்டுகின்றது. இல்லையேல் நெஞ்சு விரியாது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அளவான நைதரசன், அவ்வமுக்கத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் மிகுதியாகக் கரைகின்றது.

சோடாப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியை மெல்லத் தளர்த்தினால் வாயு அமைதியாக வெளியேறும். சட்டென்று திறந்தால் நுரைத்துப் பொங்கும். விரைந்து மேலெழும் சுழியோடியின் உடலில் நிகழ்வதும் அதுவே. குமிழிகள் மூட்டிற் சேர்ந்தால் நோவு. முண்ணாணிற் சேர்ந்தால் கால் மரத்துப்போகும், சிறுநீர் கட்டுப்படும், சிலர் பின்னர் எழுந்து நடப்பதேயில்லை. ஒரே நாளிற் பல சிலிண்டர்களை மாற்றி மாற்றி இறங்குவோர்க்கு இடர் இன்னும் பெரிது. முன்னைய முழுக்கில் ஏறிய நைதரசன் முற்றும் நீங்குமுன்னரே அடுத்தது ஏறிவிடுகின்றது.

இன்னோர் ஆபத்து இதனினும் விரைவானது. 10 மீற்றர் ஆழத்திற் கருவியிலிருந்து இழுத்த மூச்சு, மேற்பரப்பை அடையுமுன் இருமடங்காக விரியும். அதனை அடக்கி வைத்தவனுடைய நுரையீரல் கிழியலாம். மூச்சை அடக்குதல் பாட்டன் பயின்ற வித்தை. பேரன் அதனை மறந்தாக வேண்டும். சங்குக் குளிப்பிற் பழகி, பின்னர் சிலிண்டருக்கு மாறியவர்களிடம் இதனை எத்துணை முறை சொன்னாலும் தகும்.

1908ஆம் ஆண்டில் ஹால்டேன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரும் அவர் துணைவரும், ஆடுகளைக் கொண்டு ஆய்ந்து, படிப்படியாக மேலெழும் முறையை வகுத்தனர். இன்று பயிற்சி பெற்றோர் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் எழுவர். 5 மீற்றரில் 3 நிமிடம் தரிப்பர். உல்லாசத்துக்காக மூழ்குவோரின் அட்டவணைப்படி 30 மீற்றரில் நிற்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 20 நிமிடமே. படகுச் செலவும் கடனும் தலைமேல் நிற்க, அட்டை கண்முன்னே கிடக்க, 20 நிமிடத்தில் திரும்பு என்று சொல்வது எளிதன்று என்பதை யான் அறிவேன். ஆயினும் சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு படகேறும் பையன்கள் நம் கரைகளில் உளர். சிலிண்டரைக் கட்டிவிடும் முதலாளி அதற்கு முன் அட்டவணையைக் கற்பித்தல் கடன்.

மேலே வந்தவனுக்கு அன்றோ மறுநாளோ மூட்டு நோவு, விறைப்பு, தலைச்சுற்று, அளவிறந்த சோர்வு தோன்றினால், எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்துக் காத்திருத்தல் தகாது. மீண்டும் கடலுள் இறக்கினாற் சரியாகிவிடும் என்று சிலர் செய்வதும் பேராபத்து. அவனை மட்டமாகக் கிடத்தித் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. ஒட்சிசன் கிடைத்தாற் செலுத்துக. உறுதியான சிகிச்சை, அமுக்க அறையில் வைத்து மெல்ல மெல்ல அமுக்கத்தைக் குறைப்பதே. அத்தகைய அறை திருகோணமலையிற் கடற்படையினரிடம் உண்டு. அங்கு அனுப்ப வேண்டுமா என்பதை வைத்தியரே முடிவு செய்வார். அதற்கு அவரிடம் முதற்சொல்லாகவே, இவர் சிலிண்டர் கட்டிக் குளித்தவர் என்று கூறி, எத்தனை மீற்றர், எத்தனை தடவை, எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்பவற்றையும் தெரிவித்தல் வேண்டும்.