கல்லீரல் மீண்டும் வளர்வது எப்படி?



பால் மரத்தின் பட்டையை அளவோடு சீவினால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்துவிடும். கத்தி ஆழமாக இறங்கிவிட்டாலோ, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகி வெட்டுக்கு உதவாமல் போகும். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை. நம் உடம்பிலும் இப்படி மீண்டும் வளரும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் கல்லீரல்.

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். சில வாரங்களுக்குள் எஞ்சிய பகுதி பெருத்துப் பழைய எடையை எட்டியது. அதை வளரச் சொன்னது எது?

உடம்புக்குள் பல காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆகவே விஞ்ஞானிகள் கல்லீரல் உயிரணுக்களைத் தனியே பிரித்து, சத்து நீர் ஊற்றிய தட்டில், உடம்புச் சூட்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். உணவு இருந்தும் அவை பெருகவில்லை. 1986இல் ஜப்பானில் நக்கமுரா குழுவினர், எலி இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை மிகச் சிறிதளவு சேர்த்ததும், உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதற்கான ஆயத்த வேலையைத் தொடங்கின. இத்தகைய பொருள்களையே வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம்.

வீட்டில் அரிசி இருந்தாலும், அந்நாளில் பெரட்டுக்கு மணி அடித்த பிறகுதானே தோட்டத்தில் வேலை தொடங்கும்? சத்து நீர் அரிசியைப் போன்றது. வளர்ச்சிக் காரணி மணியோசையைப் போன்றது. உயிரணுவின் மேற்பரப்பில் அதைக் கேட்கும் காதும் உண்டு. அதற்கு ஏற்பி என்று பெயர். ‘போதும்’ என்று நிறுத்தும் புரதங்களும் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் வளர்ச்சி எல்லை மீறிவிடும்.

இந்த இயல்பை நம்பித்தான் மருத்துவர்கள் உயிருள்ளவரின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து மற்றவருக்குப் பொருத்துகிறார்கள். 1998 நவம்பரில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரல் துண்டை டில்லியில் பொருத்தினார்கள். அந்தக் குழந்தை பின்னர் மருத்துவப் படிப்பே படித்தது. இப்படித் தானம் செய்தவரின் கல்லீரலும் சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

‘அப்படியானால் நமக்கென்ன பயம்?’ என்று நினைக்க வேண்டாம். சம்சு போன்ற மதுவும், ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியும் ஆண்டுக்கணக்கில் கல்லீரலைத் தாக்கினால் அங்கே தழும்பு ஏறும். தழும்பு மண்டிய இடத்தில் மணி அடித்தும் பயனில்லை. அதைச் சரிசெய்யும் வளர்ச்சிக் காரணி மருந்து கடையில் விற்பதில்லை. விற்கிறோம் என்பவரை நம்பாதீர்கள்.

மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் கிளினிக்கில் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கிருமி இருந்தால் அதை அடக்கி வைக்க மருந்து உண்டு. தழும்பு ஏறுமுன் போவதே புத்திசாலித்தனம்.