சிக்னல் அறுந்த பிறகு நடப்பது

1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூரை அடுத்த அதிகத்தூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஆலை வாசலைத் தாண்டிய லான்சர் எங்கே ஓடுகிறது, எப்படி ஓடுகிறது என்பது அது சர்வீஸுக்கு வந்தால்தான் தெரியும். இன்று அதே ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வெளிவருகின்றன. ‘மை சிட்ரோயன் கனெக்ட்’ வசதி உள்ள கார், எங்கோ இருக்கும் சர்வரோடு பேசிக்கொண்டே ஓடுகிறது. அதே வட்டாரத்தில், மேல்நல்லாத்தூரில், கனரக இயந்திரங்கள் தயாரிக்கும் கேட்டர்பில்லர் ஆலை இருக்கிறது. அந்த நிறுவனத்தின் ‘பிராடக்ட் லிங்க்’ கருவி செல்பேசி நெட்வொர்க் எட்டாத சுரங்கத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாக எஞ்சின் ஓடிய நேரத்தையும் எரிபொருள் செலவையும் சொல்லிவிடும்.

காருக்குள் நடப்பதைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. மறுமுனையில், கிளவுடில் இயங்கும் ‘பேக்எண்ட்’ மென்பொருளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. உண்மையான சிரமம் அங்கேதான் இருக்கிறது.

வண்டியில் சிம் பொருத்திய ஒரு சிறு பெட்டி உண்டு. பிரேக், பேட்டரி, எஞ்சின் ஆகியவற்றின் கணினிகளிடம் தகவல் வாங்கி அனுப்புவது அதன் வேலை. பல நிறுவனங்கள் இதற்கு எம்க்யூடிடி என்ற செய்திமுறையைப் பயன்படுத்துகின்றன. 1999இல் ஐபிஎம் பொறியாளர் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய முறை இது. அன்று செயற்கைக்கோள் இணைப்பு விலை அதிகம். எனவே செய்தியின் நிலையான தலைப்பகுதிக்குக் குறைந்தபட்சம் 2 பைட் போதும் என்ற அளவில் சிக்கனமாக அமைத்தார்கள். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு என்பதால்தான் அது சாலைக்கும் பொருந்துகிறது.

இந்தியாவில் சட்டமும் இந்த அறுதலைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. புதிய பேருந்து, டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற வாயுக்களை ஏற்றும் புதிய மாடல் பெரிய லாரிகளுக்கு 2022 செப்டம்பர் 1 முதல் இருப்பிடக் கருவி கட்டாயமானது. ஏஐஎஸ் 140 என்ற தரவிதிப்படி, அக்கருவி குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளைத் தன்னிடமே சேமித்து வைக்க வேண்டும். 5 விநாடிக்கு ஒரு பதிவு என்றாலும் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும்.

கும்மிடிப்பூண்டி வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 16இல் ஆந்திராவுக்குப் போகும் ஓர் ஆக்சிஜன் டேங்கரை எடுத்துக்கொள்வோம். சிப்காட்டைத் தாண்டியதும் சிக்னல் போய்விடுகிறது; சூளூர்ப்பேட்டை அருகே திரும்பக் கிடைக்கிறது. சேமித்த பழைய பதிவுகளும் அந்த நொடியின் புதிய பதிவும் முன்பின்னாகக் கலந்து வந்து விழுகின்றன. வந்துசேர்ந்த நேரத்தை பேக்எண்ட் நம்பினால், சூளூர்ப்பேட்டையில் இருக்கும் லாரி திடீரென்று கும்மிடிப்பூண்டிக்குத் தாவியதாகத் திரையில் தெரியும். நடக்காத அதிவேகத்துக்கு எச்சரிக்கை பறக்கும். அதனால் நிகழ்ந்த நேரம், வந்த நேரம் என இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘கிடைத்தது’ என்ற பதில் வழியில் தொலைந்தால் வண்டி அதே பதிவை மறுபடி அனுப்பும். வரிசை எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ள வேண்டும்.

கட்டளை எதிர்த்திசையில் போகும்போது ஆபத்து கூடுகிறது. உரிமையாளர் செல்பேசியிலிருந்து ‘கதவைத் திற’ என்கிறார்; கார் தரைக்கடியில் உள்ள பார்க்கிங்கில் சிக்னல் இல்லாமல் நிற்கிறது. ஒரு மணி நேரம் கழித்து, ஆளில்லாத தெருவில் அந்தக் கட்டளை வந்துசேர்ந்தால்? எனவே இத்தகைய கட்டளைகளுக்குச் சில விநாடி ஆயுள் மட்டுமே கொடுக்க வேண்டும். கேட்ட நிலை ஒன்று, கார் உறுதிசெய்த நிலை இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் செயலி பொய் சொல்கிறது. பயனருக்கு அது செய்யும் துரோகம் சிறியதல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு வட்டாரத்துச் செல்பேசி கோபுரங்கள் ஒரே நேரத்தில் உயிர்பெற்றால், காத்திருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நொடியில் சர்வரைத் தட்டும். ஒவ்வொரு வண்டியும் வெவ்வேறு நேரம் காத்திருந்து முயலும்படி பெட்டியின் மென்பொருளிலேயே எழுதிவைப்பதுதான் வழி.

பாதுகாப்பில் தவறினால் விளைவு எப்படி இருக்கும் என்பதை 2015இல் அமெரிக்கா பார்த்தது. சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டில் இருந்தபடியே, நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் செரோக்கியின் எஞ்சின் இழுவையை நிறுத்திக் காட்டினார்கள். செல்பேசி நெட்வொர்க் வழியே வெளியாரும் எட்டக்கூடியதாக ஒரு வாசல் திறந்து கிடந்ததுதான் காரணம். ஜீப்பைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. உரிமையாளர்களுக்குப் பென் டிரைவில் திருத்தம் அனுப்பியது. 2021இல் அந்த நிறுவனமும் சிட்ரோயனின் தாய் நிறுவனமும் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆயின. வண்டி தன் சர்வரை மட்டும் அழைக்க வேண்டும், இரு பக்கமும் டிஜிட்டல் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது இன்று அடிப்படை ஒழுங்கு.

பழைய கார் விற்பனையில்தான் இந்த ஒழுங்கு சத்தமில்லாமல் குலைகிறது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினாலும் பேக்எண்டில் பழைய கணக்கு ஒட்டியிருந்தால், விற்றவரின் செல்பேசியில் வாங்கியவரின் பயணம் தெரிந்துகொண்டே இருக்கும். இணைய வசதியுள்ள பழைய காரை வாங்குபவர் சாவியைப் பெறும்போதே, விற்பவரின் கணக்கிலிருந்து வண்டியைத் தன் கண்ணெதிரே நீக்கச் சொல்ல வேண்டும். பிறகு டீலரிடம் தன் பெயரில் புதிதாக இணைத்துக்கொள்ள வேண்டும்.