இசட் புள்ளிக்கும் இறுதிப் பட்டியலுக்கும் நடுவே

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் இரவில் தோட்டத்து லயத்தில் எதுவும் ரகசியமில்லை. பிள்ளைகள் கைபேசியோடு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறுவதை அடுத்த காம்பிராக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். இறங்கி வரும்போது கேள்வி தயாராக இருக்கும்: "என்ன புள்ள, கெம்பஸ் கெடச்சிருச்சா?"

அந்த இரவில் அதற்குப் பதில் கிடையாது. கையில் இருப்பவை மூன்று பாடங்களுக்கான எழுத்துகள், ஓர் இசட் புள்ளி, மாவட்ட நிலை, தீவு நிலை, அவ்வளவுதான். இடம் உண்டா இல்லையா என்று தெரியப் பல மாதங்கள் ஆகும். ஆனாலும் பிள்ளை நன்றாகச் செய்திருக்கிறாள் என்ற செய்தி விடிவதற்குள், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய்விடும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவை நாலு பேர் வாழ்த்துவார்கள். மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளி வந்து, அது மகளின் புள்ளியைவிடத் துளி கூடுதலாக இருந்துவிட்டால், அதே அம்மா அதே தராசடியில் நின்று ஏன் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டிவரும். நுவரெலியா மாவட்டத்தில் முகாமைத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த இடைவெளியில்தான் சில மாதங்கள் வாழ்கிறது.

மலையகத்தில் பிள்ளைகள் வர்த்தகப் பிரிவை நாடுவதற்கு ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சம்பளச் சீட்டை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வேலை. எத்தனை பேர் விழுந்தது (ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு பேர்), எத்தனை நாள் அரைப்பேர் போட்டார்கள், சேமலாப நிதிக்கு எவ்வளவு, தீபாவளி முற்பணத்துக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு என்று கழித்துக் கழித்து மிச்சத்தைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குக் கணக்கீடு புதிய பாடமல்ல. உயர்தரத்தில் கிரயக் கணக்கீட்டுக்கு வரும்போது, தேயிலைக் கிலோ ஒன்றின் உற்பத்திச் செலவில் நேர்க்கூலி என்று ஒரு வரி இருப்பதைப் பார்க்கிறாள். அந்த வரிக்குள் இருப்பது அம்மாவின் முதுகும் கூடையும். இந்தத் துறையை வெளியிலிருந்து வந்து படிக்கும் எவருக்கும் இல்லாத அறிவு அது.

இன்னொரு காரணம் அத்தனை இனிமையானதல்ல. உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் உள்ள 1 ஏபி தரப் பாடசாலைகள் தோட்டப்புறங்களில் குறைவு. 1 சி தரப் பாடசாலை என்றால் கலையும் வர்த்தகமும்தான். மருத்துவக் கனவை ஒன்பதாம் வகுப்பிலேயே மடித்து வைத்துவிட்டு வர்த்தகத்துக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு முகாமைத்துவ பீடம் என்பது இருக்கும் கதவுகளில் பெரிய கதவு. அது மூடினால் வலி இரட்டிப்பு.

கதவு எப்படித் திறக்கிறது? எழுதிய மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும். பொது வினாத்தாளில் 30 புள்ளி வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் இசட் புள்ளிதான். ஒரு பாடத்தில் தீவு முழுவதும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்பதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பார்கள். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களின் 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு.

இந்தியாவில் அகமதாபாத் ஐ.ஐ.எம். முகாமைத்துவ நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவர் கேட் பரீட்சைக்குப் பிறகு நேர்முகத் தேர்வில் உட்காருகிறார். அமெரிக்க வணிகப் பள்ளிகள் கட்டுரை கேட்கின்றன, நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கின்றன. இங்கே பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான்கு தசமதானம் வரை நீளும் ஓர் எண்தான் அவளுக்காகப் பேசுகிறது. இந்த முறை நேர்மையானது என்றே நினைக்கிறேன். செல்வாக்கு உள்ளே நுழைய இடம் குறைவு. ஆனால் மாவட்டம் என்ற அளவுகோலுக்கு நகரத்துப் பெரிய பாடசாலையையும் தோட்டத்துப் பாடசாலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நுவரெலியா மாவட்டத்துக்கான சலுகை நுவரெலியாவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. மாவட்டக் கோட்டா முறை 1974இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கே வந்திருக்கவில்லை. பல ஐந்தாம் வகுப்போடு நின்றன. படித்திருக்க வேண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. ஓட்டம் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நம் பிள்ளைகள் கோட்டுக்கே வந்தார்கள்.

அந்த இசட் புள்ளியும் எப்போதும் ஆறுதலாக நடந்துகொண்டதில்லை. 2011 உயர்தரத்தைப் பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் பிள்ளைகள் எழுதினார்கள். அந்த ஆண்டு நத்தார் நாளில் வந்த பெறுபேறுகளில் மாவட்ட நிலைகள் பிழையாக இருந்தன. பிறகு இசட் புள்ளி கணித்த முறையே வழக்குக்குப் போய், 2012இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் கணிக்கச் சொன்னது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் இடம் ஏறுவதையும் இறங்குவதையும் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கொரோனா. 2021க்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது, நாடு எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்த ஆண்டில். 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சையை டித்வா புயல் நடுவிலே நிறுத்தியது. மலையகத்தில் மண்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் கொண்டுபோன நாட்களில், மீதி வினாத்தாள்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளப்பட்டன. புத்தகப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு லயத்தைவிட்டு வெளியேறிய பிள்ளையிடம், எஞ்சிய பாடத்துக்குத் தயாராகு என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையின் புள்ளியும் அதே நியம விலகலால்தான் வகுபடும்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலும், வந்த பிறகு தெரிவு வரும் வரையிலும் பையன்கள் பலர் ஹட்டனில் ரயிலேறிவிடுவார்கள். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடை, வெள்ளவத்தைத் துணிக்கடை, ஏதாவதொரு மொத்த வியாபாரக் களஞ்சியம். சாப்பாடும் படுக்க இடமும் கடையோடு. வணிகக் கல்வியில் ஏ எடுத்தவன் அங்கே பில் எழுதுகிறான், இருப்பு எண்ணுகிறான். கைக்குச் சம்பளம் வரத் தொடங்கியதும் மனது இரண்டாகும். வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் தங்கச்சியின் டியூஷன் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டு நான்கு வருடம் படிக்கப் போவது சரியா? கடை முதலாளி, "தம்பி, இருந்தா ரெண்டு வருஷத்துல கெஷியர் ஆக்கிருவேன்" என்பார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனாலும் தெரிவுக் கடிதம் வரும் நாளில் ஊருக்குத் திரும்பி வராமலே போனவர்கள் இந்த மலைகளில் இருக்கிறார்கள்.

என் மனதை அதிகம் உறுத்துவது விண்ணப்பம் நிரப்பும் அந்தச் சில வாரங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தடித்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனிக் குறியீடு. ஸ்ரீ ஜயவர்த்தனபுர (பிள்ளைகளின் வாயில் ஜபுர), கொழும்பு, களனி, பேராதனை, யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்கு, ஊவா வெல்லஸ்ஸ, சப்ரகமுவ என்று முகாமைத்துவமும் வர்த்தகமும் பல பெயர்களில் விரிந்து கிடக்கின்றன. எதை முதலில் எழுதுவது, எதைப் பத்தாவதாக எழுதுவது? வீட்டில் கேட்க ஆளில்லை. அம்மா அப்பா ஐந்தாறு வகுப்போடு நின்றவர்கள். ஹட்டனில் இணையத்தில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கடையில் வரிசை நீளம். அங்கே இருப்பவருக்குத் தட்டச்சு தெரியும், வாழ்க்கையைப் பற்றி ஆலோசனை சொல்ல நேரமிருக்காது.

இந்த இடத்தில்தான் அந்த மாதங்களின் பயம் எல்லாம் படிவத்துக்குள் இறங்கிவிடுகிறது. "ஜபுர எனக்கெல்லாம் கெடைக்காது சேர், மேல போட்டா உள்ளதும் போயிரும்" என்று பிள்ளைகள் சொல்வதை ஆசிரியர்கள் பலர் கேட்டிருப்பார்கள். அது உண்மையல்ல. தெரிவு இசட் புள்ளியின்படி நடக்கிறது; ஒருவர் தகுதி பெறும் விருப்பங்களில் மேலே எழுதியது எதுவோ அது கிடைக்கிறது. எட்டாதது என்று நினைக்கும் ஒன்றை முதலாவதாக எழுதுவதால், இரண்டாவதாக எழுதியதற்கான வாய்ப்பு ஒரு துளியும் குறைவதில்லை. ஆனால் பயந்து கீழே எழுதினால், புள்ளி போதுமாக இருந்தும் அந்த இடம் வராது. பிள்ளை தானே தன் கையால் தன்னைக் கீழே இறக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். வெட்டுப்புள்ளிப் பட்டியல் வந்ததும் எழுதாமல் விட்ட இடத்துக்கும் தன் புள்ளி போதும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளையின் அழுகை, இடமே கிடைக்காதவளின் அழுகையைவிட நீளமானது.

வரிசையில் வீட்டின் பயமும் கலக்கும். பெண் பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாக. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை தாண்டி இறங்கும் ஏ5 வீதி செங்கலடியில் முடிகிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் அதன் பக்கத்தில், வந்தாறுமூலையில். தமிழ் பேசும் இடம், நம்மாட்கள் உண்டு என்று அப்பா மனம் அங்கே சாயும். வேலைவாய்ப்பைப் பார்த்தால் கொழும்புப் பக்கம்தான் என்று டீச்சர் சொல்வார். இரண்டு பேரும் பிள்ளைமீது அக்கறை உள்ளவர்கள். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படித்து நல்ல நிலைக்கு வந்த மலையகப் பட்டதாரிகள் நிறைய இருக்கிறார்கள். அவை குறைந்த இடங்கள் அல்ல. தூரத்தின்மேல் உள்ள பயத்தால் மட்டும் வரிசை மாறக் கூடாது என்பதே என் கவலை.

பணத்தின் பயத்துக்கு எண்கள் உண்டு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவானது; ஊக்கத்தொகையோடு 1,750 ஆக்கும் முன்மொழிவு 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. அதுவும் வேலை கொடுத்த நாட்களுக்கு மட்டும். 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல உதவித்தொகை 2025இல் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அது முதல் மாதமே கைக்கு வந்துவிடாது. பாய், பெட்டி, பஸ் காசு, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் சீட்டுப் பிடித்தோ, அம்மாவின் தோட்டை அடகு வைத்தோதான். படிப்பு இலவசம் என்ற நாட்டில் அந்த முதல் மாதத்துக்காகப் பயந்து வரிசையை மாற்றும் வீடுகள் உண்டு.

கிடைக்காதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றோர் 1,77,588 பேர். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது அதில் ஏறத்தாழக் கால்வாசி. ஆகவே இடம் கிடைக்காதது தோல்வி என்று லயம் நினைத்தால், நாட்டின் பெரும்பான்மைப் பிள்ளைகள் தோற்றவர்களாகிவிடுவார்கள். மூன்று முறை எழுதலாம். இரண்டாம் முறை வகுப்புக்குத் திரும்பும் பிள்ளையை ஊர் பார்க்கும் பார்வைதான் கொடியது, தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவதைவிட, "இன்னுமா படிக்கிற?" என்ற விசாரிப்பைத் தாங்குவது கஷ்டம். பட்டயக் கணக்காளர் பரீட்சையும் ஏ.ஏ.டி.யும் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே படிக்கலாம். அவற்றை ஆறுதல் பரிசாகச் சொல்லாமல் பெறுபேறு வருவதற்கு முன்பே சொல்லியிருந்தால், எத்தனையோ பிள்ளைகள் அந்த இரவை வேறு மாதிரிக் கடந்திருப்பார்கள்.

இடம் கிடைத்தவளுக்கும் ஏற்ற இறக்கம் முடிவதில்லை. தமிழில் மூன்று ஏ எடுத்து வந்தவள் முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் முழு ஆங்கிலத்தைச் சந்திக்கிறாள். எந்த மொழியிலும் வரவும் செலவும் ஒன்றுதான். ஆனாலும் கையை உயர்த்திக் கேள்வி கேட்கப் பயம். மாவட்டத்தில் முன்னணியில் நின்றவள் வகுப்பின் பின் வரிசைக்குப் போய்விடுவாள். இதைக் கடந்துவந்த அக்காமார், அண்ணன்மார் இன்று வங்கிகளிலும் கணக்காய்வு நிறுவனங்களிலும் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். முதல் பருவத்தில் தாங்களும் வாயைத் திறக்கவில்லை என்பதை அவர்கள் இப்போதிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அவர்களிடம்தான் இந்தக் கோரிக்கை. நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். கைநூல் வெளியாகி விண்ணப்பம் முடியும் வரை உள்ள சனிக்கிழமைகளில், விண்ணப்பம் நிரப்ப உதவுவதற்கு வலயத்துக்கு ஒரு பாடசாலை மண்டபம் போதும். வேலைக்குப் போகும் நாளை இழக்காமல் வர, அம்மா அப்பாவுக்குப் பேர் விழும் நேரம் கழிந்து பிற்பகலில் வைக்கலாம். மேசைக்கு ஒரு பட்டதாரி, ஒரு மடிக்கணினி, முந்தைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிப் பட்டியல். பிள்ளை முதலில் தனக்கு வேண்டியதை எழுதட்டும். வரிசையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டி, அந்தந்த ஊரில் விடுதி உண்டா, முதல் மாதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அனுப்பும் பொத்தானை அதற்குப் பிறகு அழுத்தலாம்.