தக்காளிச் சீமையில் தண்ணீர்த் தோட்டம்

2023 ஜூலை கடைசியில் ஆந்திராவின் மதனப்பள்ளி மார்க்கெட்டில் முதல் ரகத் தக்காளி கிலோ 200 ரூபாயை ஒட்டி விற்றது. ஓரிரு மாதத்தில் அதே தக்காளி பத்து ரூபாய்ப் பக்கம் சரிந்தது. இந்த ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்கும் சித்தூர், திருப்பதி வீடுகளில், 'நாமே வீட்டுக்குள் வளர்த்தால் என்ன?' என்று யோசிப்பது இயல்புதான்.

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே தக்காளி வளர்த்துக் காட்டியவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் கெரிக். இருபத்தைந்து அடி உயரக் கொடிகள்! 1937இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை அறிமுகப்படுத்தியதும் அவரே.

ஆனால் கெரிக்கின் கொடிகளுக்கு வெயில் இலவசம். வீட்டுக்குள் வளர்த்தால் வெளிச்சத்துக்கும் காசு. ஒரு தக்காளிச் செடிக்கு 100 வாட் விளக்கை நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால், 90 நாளில் 126 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் 756 ரூபாய். செடி நான்கு கிலோ காய்த்தால் கிலோவுக்குக் கரண்டு மட்டுமே 189 ரூபாய்! மதனப்பள்ளியின் உச்ச விலையை வீட்டிலேயே நிரந்தரமாக்கிக்கொள்வதற்கா இவ்வளவு பாடு?

கணக்கு கட்டுபடியாவது கீரையில்தான். தெலுங்கில் சொன்னால் ஆக்குகூரயில். கொத்தமல்லி, புதினா, பாலக் மூன்றும் ஜன்னலோர வெளிச்சத்திலேயே ஓரளவு வரும். வேண்டும்போது நாலு தழை கிள்ளலாம்; கட்டாக வாங்கிப் பாதியை ஃபிரிட்ஜில் அழுகவிட வேண்டாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி காட்டிய முறைக்கு மோட்டாரும் தேவையில்லை. மூடியுள்ள டப்பாவில் சத்துநீர், மூடியில் துளை, துளையில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய சின்னக் கூடை. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும்; அந்த இடைவெளியில் வேர் மூச்சு விடும். டப்பாவுக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், மூடி சரியில்லாவிட்டால் கொசு முட்டையிடும். சத்துமருந்து இரண்டு புட்டிகளில் வருவதற்கும் காரணம் உண்டு: ஒன்றில் இருக்கும் கால்சியம், மற்றதில் இருக்கும் சல்ஃபேட், பாஸ்பேட்டோடு செறிவாகச் சேர்ந்தால் சுண்ணாம்புபோல் அடியில் படிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தண்ணீரில் கலக்க வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் பிடித்து வைப்பது நல்லது. சித்தூர், திருப்பதிப் பக்கம் பெரிய எதிரி கோடை. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வேர் பழுப்பேறி அழுகும். ஏசி போட்டுக் கொத்தமல்லியைக் காப்பாற்றினால் கணக்கு மறுபடியும் தக்காளிக் கணக்காகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் டப்பாவைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டு, கீரைக்காரம்மாவிடமே வாங்கிக்கொள்ளலாம்.