பூச்சியத்தில் தொடங்கிய பயணம்: மர்வன் அத்தபத்து

கிரிக்கெட் விளையாட்டில் ஆரம்பத் துடுப்பாட்ட வீரரின் நிலை சற்று வித்தியாசமானது. பந்து புதிது; பளபளப்புக் குறையாதது; காற்றில் வளையும்; தரையில் பட்டதும் எகிறும். பந்து வீச்சாளரும் களைப்படையாதவர். அவர் ஒரு பந்தைத் தவறாக வீசினால் அடுத்த பந்தில் திருத்திக் கொள்ளலாம். துடுப்பாட்ட வீரர் ஒரு தடவை தவறினால் அன்றைய கதை முடிந்தது. மிகுதி நேரமெல்லாம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட இடத்தில் பல்லாண்டுகள் நின்றவர் இலங்கையின் மர்வன் அத்தபத்து. பெயரைக் கேட்டதும் நம்மவரோ என்று சிலர் எண்ணக் கூடும். களுத்துறையில் பிறந்த சிங்கள சகோதரர் அவர். காலி மஹிந்த கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் படித்தவர். டெஸ்ட் போட்டிகளில் 16 சதங்கள் பெற்றார். அவற்றுள் ஆறு, இரட்டைச் சதங்கள். அதே மனிதர் 22 தடவைகள் ஓர் ஓட்டமேனும் பெறாமல் திரும்பியிருக்கிறார். நான்கு போட்டிகளில் இரண்டு இனிங்ஸிலும் பூச்சியம்! உச்சியையும் பள்ளத்தையும் இந்த அளவுக்குக் கண்ட ஆரம்ப வீரர்கள் உலகில் மிகச் சிலரே.

ஆறு இனிங்ஸ், ஓர் ஓட்டம்

1990 நவம்பர் 23. இந்தியாவின் சண்டிகர் நகரில் அத்தபத்து தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் களமிறங்கினார். அதற்கு முதல் நாள்தான் அவருக்கு 20 வயது நிறைந்திருந்தது. வெங்கடபதி ராஜுவின் சுழல் பந்துக்கு முன் இலங்கை அணி 82 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ராஜு 12 ஓட்டங்களைக் கொடுத்து 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அத்தபத்து முதல் இனிங்ஸில் பூச்சியம். இரண்டாவது இனிங்ஸிலும் பூச்சியம். அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்த வாய்ப்புக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1992 ஆகஸ்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான போட்டி. இலங்கை 8 விக்கெட்டுக்கு 547 ஓட்டங்களைக் குவித்தது. குருசிங்க, அர்ஜுன ரணதுங்க, களுவிதாரண ஆகிய மூவரும் சதம் அடித்தனர். நடு வரிசையில் வந்த அத்தபத்துவுக்கு மட்டும் பூச்சியம். ஊரெல்லாம் மழை பெய்ய ஒரு வயல் மாத்திரம் காய்ந்து கிடந்தது போல! இரண்டாவது இனிங்ஸில் ஒரேயோர் ஓட்டம். அந்தப் போட்டியில் இலங்கை 16 ஓட்டங்களால் தோற்றது. அந்த ஓர் ஓட்டமும் துடுப்பில் பட்டு வந்ததல்ல, காலில் பட்டு வந்தது என்று வேடிக்கையாகக் கூறுவோரும் உண்டு.

மீண்டும் நீக்கம். மீண்டும் காத்திருப்பு. 1994 பெப்ரவரியில் அஹமதாபாத்தில் மூன்றாவது வாய்ப்புக் கிட்டியது. கபில்தேவ் தனது 432ஆவது விக்கெட்டை எடுத்து உலக சாதனை படைத்த போட்டி அது. அத்தபத்துவுக்கு அங்கும் இரண்டு பூச்சியங்கள்.

கூட்டிப் பாருங்கள். மூன்று டெஸ்ட் போட்டிகள், ஆறு இனிங்ஸ்கள், ஐந்து பூச்சியங்கள், மொத்தம் ஓர் ஓட்டம்!

யாரும் காணாத ஆண்டுகள்

இத்தகைய ஆரம்பத்துக்குப் பிறகு ஒருவர் துடுப்பைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு வேறு தொழிலைத் தேடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அத்தபத்து உள்ளூர்ப் போட்டிகளுக்கே திரும்பிச் சென்றார். அங்கு ஓட்டங்களைக் குவித்தார். பத்திரிகைகளின் கண்ணும் தொலைக்காட்சிக் கமராவும் படாத மைதானங்களில் தனது ஆட்டத்தைச் செப்பனிட்டார். 1996 உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கைக் குழாமில் அவர் பெயரும் இருந்தது. ஆனால், ஒரு போட்டியிலேனும் களமிறங்கவில்லை. நாடே கொண்டாடிய அந்த வெற்றியை அவர் ஓரத்திலிருந்தே பார்த்தார்.

1997 மார்ச்சில் நியூசிலாந்தில் நான்காவது டெஸ்ட் வாய்ப்பு வந்தது. அப்போதும் அதிசயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. அடுத்த பதினொரு இனிங்ஸ்களில் அவர் பெற்ற ஆகக் கூடிய ஓட்டம் 29தான். பூச்சியம் போய் இருபதுகள் வந்தன, அவ்வளவே. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது தோல்வியின் தொடர்ச்சி. உற்றுப் பார்ப்பவருக்கோ ஒரு மனிதர் மெல்ல மெல்லக் காலூன்றுவது தெரிந்திருக்கும்.

1997 நவம்பரில் மொஹாலியில் அந்த நாள் வந்தது. சண்டிகருக்குப் பக்கத்திலேயே உள்ள ஊர் மொஹாலி. ஏழு ஆண்டுகளுக்கு முன் எந்த மண்ணருகே தலை குனிந்து திரும்பினாரோ, எந்த அணியிடம் தோற்றாரோ, அதே இடத்தருகே, அதே இந்திய அணிக்கு எதிராகத் தனது முதலாவது டெஸ்ட் சதத்தைப் பெற்றார். ஓட்டங்கள் 108. அது அவரது பத்தாவது டெஸ்ட் போட்டி.

இரண்டே மாதங்களில், 1998 ஜனவரியில், கண்டி அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வேக்கு எதிராக 223 ஓட்டங்கள்! அதன் பின் 1999இல் புலவாயோவில் ஆட்டமிழக்காமல் 216. 2000இல் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 207. அந்த இனிங்ஸில் அவரும் சனத் ஜயசூரியவும் முதல் விக்கெட்டுக்காக 335 ஓட்டங்களைச் சேர்த்தனர். 2001இல் காலியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 201. அதே ஆண்டில் கொழும்பில் பங்களாதேஷுக்கு எதிராக மற்றொரு 201. 2004இல் புலவாயோவில் 249. இந்தக் கடைசி ஆட்டத்தில் குமார் சங்கக்காரவுடன் இரண்டாவது விக்கெட்டுக்காக 438 ஓட்டங்களைப் பகிர்ந்து கொண்டார்.

ஒன்று பூச்சியம், இன்றேல் இருநூறு

ஏன் இந்த ஏற்ற இறக்கம்? அத்தபத்துவின் துடுப்பாட்டம் பாடப் புத்தகத்துக்குப் படம் வரையக் கூடிய அளவுக்கு நேர்த்தியானது. அதில் குறை சொல்ல அதிகமில்லை. இனிங்ஸின் ஆரம்பத்தில்தான் ஆபத்து இருந்தது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அவரை வெளியேற்றுவது கடினம். மணிக்கணக்காக ஒரே கவனத்துடன் நிற்பார். மறுமுனையில் ஜயசூரிய இடிமுழக்கம் செய்யும்போது இவர் அமைதியாக ஒற்றை ஓட்டங்களைச் சேர்த்துக் கொண்டிருப்பார். ஒருவர் புயல், மற்றவர் நங்கூரம்.

கணக்கும் இதையே சொல்கிறது. 90 டெஸ்ட் போட்டிகளில் 156 இனிங்ஸ்கள் ஆடி 5502 ஓட்டங்களைப் பெற்றார். சராசரி 39.02. ஆறு இரட்டைச் சதங்களிலும் பெற்றவை மட்டும் 1297 ஓட்டங்கள். அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு. மறுபுறத்தில், ஏழு இனிங்ஸுக்கு ஒன்று என்ற வீதத்தில் பூச்சியம். ஒருநாள் போட்டிகளில் 268 ஆட்டங்களில் 8529 ஓட்டங்கள், 11 சதங்கள். 2003 உலகக் கிண்ணத்தில், டர்பனில் தென்னாபிரிக்காவுடன் சமநிலையில் முடிந்த போட்டியில் அவர் பெற்ற 124 ஓட்டங்களை மறக்க முடியாது.

விமர்சனங்களும் இல்லாமல் இல்லை. ஆறு இரட்டைச் சதங்களில் மூன்று சிம்பாப்வேக்கும் ஒன்று பங்களாதேஷுக்கும் எதிரானவை என்று சுட்டிக் காட்டுவர். 2001இல் பங்களாதேஷுக்கு எதிராக 201 ஓட்டங்கள் எடுத்ததும், ஆட்டமிழக்காமலேயே அடுத்தவருக்கு இடம் விட்டு வெளியேறினார். டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு வெளியேறி ‘ஆட்டமிழந்தவர்’ எனப் பதியப்பட்ட முதல் வீரர் அவரே. அது எதிரணியை மதிக்காத செயல் என்று பலர் கண்டித்தனர். நியாயமான விமர்சனங்கள்தாம். ஆயினும் பாகிஸ்தானுக்கும் இங்கிலாந்துக்கும் எதிரான இரட்டைச் சதங்களை யாரும் அழித்துவிட முடியாது.

தலைமையும் பொறுமையும்

2003இல் ஒருநாள் அணியின் தலைமையும் 2004இல் டெஸ்ட் அணியின் தலைமையும் அவரை வந்தடைந்தன. 2004 ஆகஸ்டில் கொழும்பில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய அணிக்கு அவரே தலைவர். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி நமது கரையோரங்களைச் சூறையாடிய வேளையில் அணி நியூசிலாந்தில் இருந்தது. சுற்றுப் பயணத்தை இடைநிறுத்தி வீரர்கள் நாடு திரும்பினர்.

பின்னர் முதுகுவலி அவரை வாட்டியது. தலைமை கைமாறியது. 2007 உலகக் கிண்ணக் குழாமில் இடம்பெற்றும், 1996இல் போலவே ஒரு போட்டியிலும் ஆடவில்லை. அந்த ஆண்டு இறுதியில் அவுஸ்திரேலியச் சுற்றுப் பயணத்தின்போது, பிரிஸ்பேனில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் தெரிவுக் குழுவினரைக் கோமாளிகள் என்ற பொருள்படக் கடுமையாகச் சாடினார். அடுத்து ஹோபார்ட் டெஸ்டில் இரண்டாவது இனிங்ஸில் 80 ஓட்டங்களைப் பெற்று, டெஸ்ட் வாழ்வுக்கு விடை கொடுத்தார்.

இங்கு நாம் சிறிது நிதானிக்க வேண்டும். இளமையில் ஆறு ஏழு ஆண்டுகள் வாய் திறவாமல் காத்திருந்த மனிதர், புகழின் முடிவில் நாவைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறினார். ஸப்ர் என்பது ஒரு தடவை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. அது நாள்தோறும் புதிதாகத் தேவைப்படுவது. தோல்வியில் பொறுமை காப்பது ஒரு சோதனை. அநீதி இழைக்கப்பட்டதாக உணரும்போது பொறுமை காப்பது அதைவிடப் பெரிய சோதனை.

நமது வீடுகளில்

அத்தபத்து முதற்போட்டியில் ஆடிய அதே 1990 நவம்பரில் பாகிஸ்தானின் சயீத் அன்வரும் டெஸ்டில் அறிமுகமானார். பைசலாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவரும் இரண்டு இனிங்ஸிலும் பூச்சியமே. 1994இல் திரும்பி வந்து வெலிங்டனில் 169 ஓட்டங்கள் பெற்றார். 1997இல் சென்னையில் 194 ஓட்டங்களை விளாசி ஒருநாள் போட்டியில் அன்றைய உலக சாதனையை நிலைநாட்டினார். முதல் நாளின் பெறுபேற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இந்த இருவரையும் உலகம் அறிந்திருக்காது.

நமது வீடுகளில் அத்தகைய தீர்ப்புகள் எத்தனை வேகமாக எழுதப்படுகின்றன! பத்து வயதுப் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப் புள்ளிக்குக் கீழே வந்துவிட்டால் வீடு மையித்து வீடாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறோம். சாதாரண தரத்தில் கணிதம் சறுக்கிவிட்டால், “இவனுக்குப் படிப்பு வராது” என்று உறவினர் முன்னிலையிலேயே முத்திரை குத்துகிறோம். அந்தச் சொல்லைப் பிள்ளை மறப்பதில்லை. ஐந்து பூச்சியங்கள் எடுத்தவருக்கும் நான்காவது வாய்ப்பைக் கொடுத்தது ஒரு விளையாட்டு அமைப்பு. பெற்ற பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்கப் பெற்றோராகிய நாம் தயங்கலாமா?

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். வாய்ப்புகள் மட்டும் அத்தபத்துவை உயர்த்தவில்லை. வாய்ப்பு இல்லாத நாட்களிலும் அவர் பயிற்சியை விடவில்லை. வெறுமனே காத்திருப்பது ஸப்ர் ஆகாது. செய்ய வேண்டியதைச் செய்து கொண்டே காத்திருப்பதுதான் ஸப்ர். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வின் கையில் என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அதன் முதற் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் கூறுவது சோம்பலுக்கு மார்க்கச் சாயம் பூசுவதாகும்.

கிரிக்கெட் நடக்கும் நாட்களில் தொழுகையையும் பாடத்தையும் மறந்து தொலைக்காட்சி முன் தவம் கிடக்கும் பிள்ளைகளைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டித்த பின், அருகில் அமர்த்தி அத்தபத்துவின் அந்த முதல் ஆறு இனிங்ஸ்களின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். பெறுபேறு வெளியாகும் காலையில் அந்தக் கதை பிள்ளைக்குத் தேவைப்படும். அன்று நமக்கும் தேவைப்படும்.